ராப் நாடகம்: மூன்றாம் காட்சி நகரவே மாட்டேங்குது, உதவி வேணும்

ஞாயிறு_நாடகம்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவள், போன மாதம் என் நாடகத்தின் சுருக்கம் மட்டும் போட்டேன், இன்றைக்குத்தான் உதவி கேட்டு எழுதுகிறேன். சென்னையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகப் பயிற்சி நடத்துகிறேன். 14 பேர். பாதிப் பேர் ஆற்றோரத்திலிருந்து நகரத்துக்கு வெளியே மறுகுடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள். காதில் எப்போதும் ராப்தான். பாடம் மனப்பாடம் ஆகாதவனுக்கு 3 நிமிஷப் பாட்டு ஒரு எழுத்து பிசகாமல் வருகிறது.

அதனால் ராப்பை வைத்தே ஒரு நாடகம் எழுதுகிறேன். ஜோதி என்று ஒரு பத்தாம் வகுப்புப் பெண். படிப்பு வருஷத்தின் நடுவில் வீடு மாற்றிவிட்டார்கள். பழைய பள்ளியில்தான் பொதுத்தேர்வு எழுத வேண்டும். விடியற்காலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறிப் போகிறாள். முதல் இரண்டு காட்சி நன்றாக வந்துவிட்டது. மூன்றாவதில் அவள் பஸ் நிறுத்தத்தில் நின்று கூட்டத்தைப் பார்த்துப் பாடுகிறாள்:

*வீட்டை இடிச்சாங்க, வெளியில அடைச்சாங்க*
*பாதையை மறிச்சாங்க, படிப்பைப் பறிச்சாங்க*
*கேட்டா சிரிச்சாங்க, கேள்விய முறிச்சாங்க*

பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது, கைதட்டுகிறார்கள். ஆனால் ஒத்திகையில் இந்த இடம் வரும்போதெல்லாம் நாடகம் நின்றுவிடுகிறது. பாட்டு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து மறுபடி தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. எங்கே தப்பு?

மேடைக்கயிறு

தங்கச்சி, நாடகம் ஏன் நிற்கிறது தெரியுமா? ஜோதிக்கு அந்த இடத்தில் யாரிடமும் எதுவும் வேண்டாம். பார்வையாளருக்குச் செய்தி சொல்கிறாள். நாங்கள் 30 வருஷம் வீதி நாடகம் போட்டவர்கள், இந்தத் தப்பை நூறு தடவை செய்திருக்கிறோம். வரதட்சணை, சாராயம், குழந்தைத் தொழிலாளர் என்று எதை எடுத்தாலும் நடுவில் ஒரு பாட்டு வரும். பாட்டில் சொல்ல வேண்டியது எல்லாமே இருக்கும். பாடுகிறவன் மட்டும் இருக்கமாட்டான்.

அப்புறம் ஒன்று, வயதானவன் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். ராப் எதற்கு? கூத்தில் கட்டியக்காரன் இருக்கிறான். ஜனங்களோடு நேருக்கு நேர் பேசுவான், ராஜாவைக் கிண்டலடிப்பான், கதையை நிறுத்திவிட்டு ஊர் நடப்பைச் சொல்வான். ராப்பில் மைக் பிடித்துப் பாடுகிறவனை எம்சி என்கிறீர்களே, அந்த ஆள் செய்வதும் அதுதானே?

பீட்_மேஸ்திரி

மேடைக்கயிறு அண்ணா, கட்டியக்காரன் பற்றிச் சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆனா ராப் எதுக்குன்னு கேட்டீங்க பாருங்க, அதுக்கு பதில் இருக்கு. நான் வியாசர்பாடியில ராப்புக்கு பீட், அதான் தாளம், பண்றவன். 2018 ஜனவரியில காஸ்ட்லெஸ் கலெக்டிவ்ங்கற பாட்டுக்குழுவோட முதல் கச்சேரி சென்னையில நடந்துச்சு. கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில, பேச்சு முழுக்க சாதி, இடஒதுக்கீடு, மாட்டுக்கறி. எங்க பசங்க யாரும் அத வெளிநாட்டு சரக்கா பாக்கல. எங்க வீட்டு சாவுல அடிக்கிற சட்டி, எங்க தெரு பேச்சு, அதோட ஒரு டிரம் மெஷின், அவ்வளவுதான்.

ராப்புக்குத் தாய்வீடான ஹிப்ஹாப் பொறந்த கதையும் அப்படித்தான். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க் பிராங்க்ஸ், 1520 செட்ஜ்விக் அவென்யூ. ஒரு அடுக்குமாடி வீட்டோட பொது அறை. பள்ளிக்கூடம் தொறக்கப் போகுது, புதுத் துணி வாங்கணும், அதுக்கு காசு சேக்க சிண்டி கேம்பெல்னு ஒரு பொண்ணு பார்ட்டி வெச்சா. பாட்டு போட்டது அவ அண்ணன், டிஜே கூல் ஹெர்க். ஜனங்க பாட்டோட எந்த இடத்துல வெறி புடிச்சு ஆடுறாங்கன்னு அவர் கவனிச்சாரு. பாட்டு குரல் எல்லாம் அடங்கி டிரம்ஸ் மட்டும் வர்ற அந்த சில நொடி, அதான் பிரேக். ஒரே ரெக்கார்ட ரெண்டு வாங்கி, ஒண்ணுல பிரேக் முடியும்போது இன்னொண்ணுல அதே பிரேக்க ஆரம்பிச்சு, அஞ்சு நொடிய அஞ்சு நிமிஷமா இழுத்தாரு.

அக்கா, உங்க நாடகத்துக்கு இதத்தான் எடுத்துக்கணும். நாடகத்துக்கு நடுவுல ராப் பாட்டு வெச்சா அது ஹிப்ஹாப் நாடகம் ஆகிடாது. எந்த அஞ்சு நொடிய இழுக்கப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க.

ஞாயிறு_நாடகம்

இதை நான் யோசிக்கவே இல்லை. பஸ் நிறுத்தத்தில் எந்த ஐந்து நொடி என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். மேடைக்கயிறு அண்ணா, கோபமெல்லாம் இல்லை. பாடுகிறவன் இருக்கமாட்டான் என்று நீங்கள் சொன்னதைப் பயிற்சி நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

நியூஜெர்சி_செல்வி

இங்கே வந்து 17 வருஷம் ஆகிறது. கணவர் வேலை, குழந்தைகள் பள்ளி எல்லாம் போக எனக்கென்று இருக்கிற ஒரே பைத்தியம் நாடகம். ஹிப்ஹாப் நாடகம் என்று இங்கே ஒரு வகையே 25 வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. டேனி ஹாக் என்ற நடிகர், நாடகாசிரியர் 2000-இல் நியூயார்க்கில் இதற்கென்றே ஒரு விழா தொடங்கினார். அந்தத் தலைமுறையைப் பற்றி, அந்தத் தலைமுறையே, அந்தத் தலைமுறைக்காகச் செய்வதுதான் ஹிப்ஹாப் நாடகம் என்பது அவர் வாதம். மேடையில் ராப் இருக்கிறதா, பிரேக்டான்ஸ் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஜோதிக்கு உதவும் என்று எனக்குத் தோன்றுகிற இரண்டு நாடகங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, வில் பவர் எழுதிய 'தி செவன்'. 2006-இல் நியூயார்க் தியேட்டர் ஒர்க்‌ஷாப்பில் அரங்கேறியது. 2,400 வருஷத்துக்கு மேல் பழைய ஒரு கிரேக்க நாடகம்தான் மூலம்: ஈடிப்பஸ் தன் இரண்டு மகன்களையும் சபிக்கிறான், அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் கொன்றுகொள்கிறார்கள். இதை ஹிப்ஹாப்பில் சொல்ல வேண்டும் என்றதும் வில் பவர் மேடையில் ஒரு டிஜேயை நிறுத்தினார். பழைய ரெக்கார்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் புதுப் பாட்டுக்குள் வைப்பதுதான் சாம்பிளிங். அப்பனுடைய சாபம் பிள்ளைகளுக்குள் ஓடுவதும் அதே மாதிரிதானே? அப்பா பேசிய பேச்சு மகன் வாயில் திரும்ப வருகிறது. வன்முறை எப்படி ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகிறது என்பதை யாரும் பிரசங்கம் செய்யாமல் டிஜே மேஜையே காட்டிவிடுகிறது.

இன்னொன்று எல்லாருக்கும் தெரிந்த ஹாமில்டன், 2015. அமெரிக்காவின் முதல் நிதி மந்திரி அலெக்சாண்டர் ஹாமில்டனின் கதையை ராப்பில் சொல்கிற இசை நாடகம். அதில் மந்திரிசபை விவாதத்தையே ராப் சண்டையாக வைத்திருக்கிறார்கள் என்பது பிரபலம். ஆனால் நான் சொல்ல வந்தது ஒரு கல்யாணக் காட்சி. தங்கை எலைசா எப்படிக் காதலித்துக் கல்யாணம் செய்தாள் என்று ஒரு பாட்டு. அது முடிந்ததும் அக்கா ஏஞ்சலிகா வாழ்த்துச் சொல்ல எழுந்திருக்கிறாள். உடனே மேடை முழுக்க, ஆட்கள், நடை எல்லாம் ரெக்கார்டைப் பின்னால் சுற்றுவது போலத் திரும்பிப் போகிறது. நாம் இப்போது பார்த்த அதே இரவை மறுபடி பார்க்கிறோம், இந்தத் தடவை அக்காவின் கண்ணால். அவளுக்கும் மாப்பிள்ளை ஹாமில்டன் மேல் ஆசை, தங்கைக்காக விட்டுக்கொடுத்தாள். பீட்_மேஸ்திரி சொன்ன அதே பிரேக்தான் இது. ஒரே தருணம், இரண்டு ரெக்கார்டு. என் பெண் பக்கத்தில் உட்கார்ந்து என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், அது இன்னும் நினைவிருக்கிறது.

மேடைக்கயிறு

செல்வி அம்மா, அருமை. ஆனால் ஹாமில்டனைச் சமூக நாடகம் என்று ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. கறுப்பின நடிகர்கள் ஜார்ஜ் வாஷிங்டனாகவும் ஜெஃபர்சனாகவும் வருகிறார்கள். அவர்களோ அடிமைகளை வைத்திருந்தவர்கள். அந்த அடிமைகளில் ஒருவருக்குக்கூட மேடையில் பெரிய பாத்திரம் இல்லை. டிக்கெட் விலை வேறு. எந்த ஜனங்களிடமிருந்து அந்தக் கலை வந்ததோ அவர்களில் எத்தனை பேர் உள்ளே போக முடிந்தது?

நியூஜெர்சி_செல்வி

அண்ணா, இங்கேயும் இதைச் சொன்னவர்கள் உண்டு. இஷ்மேல் ரீட் என்ற கறுப்பின எழுத்தாளர் ஹாமில்டனுக்குப் பதில் சொல்கிற மாதிரி ஒரு நாடகமே எழுதி 2019-இல் நியூயோரிக்கன் பொயட்ஸ் கஃபேயில் போட்டார். ஹாமில்டன் பேச விடாமல் விட்டவர்கள், அடிமைகளும் பூர்வகுடிகளும், அதில் வந்து பேசுகிறார்கள். ஒரு நாடகத்துக்கு இன்னொரு நாடகத்தாலேயே பதில் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது.

டிக்கெட் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்க முடியாது. ராக்கஃபெல்லர் அறக்கட்டளை பணத்தில் நியூயார்க் அரசுப் பள்ளி மாணவர்கள் 20,000 பேரை 10 டாலரில் பார்க்க வைத்தார்கள். அது நல்ல காரியம், ஆனால் மற்ற இருக்கைகளின் விலையை அது குறைக்கவில்லை.

ஆனாலும் ஹாமில்டனிலிருந்து கைவேலையைக் கற்றுக்கொள்ளலாம் என்பது என் கட்சி. லாஃபயட் என்ற பிரெஞ்சுக்காரன் முதலில் வரும்போது இங்கிலீஷ் தடுமாறும், ராப்பும் தடுமாறும். அமெரிக்க சுதந்திரப் போர் முற்றும்போது அந்த நாடகத்திலேயே வேகமான ராப் அவனுடையது. அவன் வளர்ந்துவிட்டான் என்று ஒரு வசனமும் கிடையாது.

இதற்கு நேர் எதிராகவும் ஒன்று நடந்தது. 2014-இல் டூபாக் என்ற ராப் பாடகரின் பாட்டுகளை வைத்து நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் ஒரு இசை நாடகம் போட்டார்கள். கதை அவர் வாழ்க்கை இல்லை, வேறு கற்பனைக் கதை. 38 தடவை மேடையேறியதோடு நின்றுவிட்டது. காரணம் பலதும் சொன்னார்கள். எனக்குப் பட்டது, பாட்டுகள் ஏற்கெனவே இருந்தன, பாத்திரங்கள் பின்னால் வந்து அவற்றை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அண்ணன் சட்டையைத் தம்பி போட்டது மாதிரி தோளில் நிற்கவில்லை.

எட்டாவது_மாடி

நான் இந்த மாதிரி மறுகுடியமர்த்தப்பட்ட ஒரு குடியிருப்பில்தான் இருக்கிறேன். எட்டாவது மாடி. பெயர் பார்த்தாலே தெரியும்.

ஞாயிறு_நாடகம் அக்கா, உங்கள் மனசு நல்லது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இந்தக் கதையைக் கேட்க எங்களிடம் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். கேமராவோடு, நோட்டோடு, மாலை போட்ட காரோடு. எல்லாருக்கும் வேண்டியது அழுகை. என் தங்கச்சியை ஒருத்தர் 'இன்னொரு தடவை சொல்லும்மா' என்று மூன்று முறை அழ வைத்தார். அந்தப் படத்தை நாங்கள் இன்று வரை பார்க்கவில்லை.

இரண்டாவது, உங்கள் பாட்டில் 'சாங்க சாங்க' என்று எல்லாம் முடிகிறது. யார் இடித்தார்கள், யார் பறித்தார்கள்? பெயர் இல்லை, முகம் இல்லை. எங்களுக்குத் தினமும் முகம் இருக்கிறது. லிஃப்ட் ரிப்பேர்க்காரர், தண்ணி லாரிக்காரர், ஆட்டோ ஸ்டாண்டில் எங்கள் முகவரியைக் கேட்டதும் வரமாட்டேன் என்கிறவர்.

மூன்றாவது, ஒரு விவரத் தப்பு. இரண்டாம் காட்சியில் ஜோதி டிக்கெட்டுக்குக் காசில்லாமல் சாதா பஸ்ஸை விட்டுவிடுகிறாள் என்று போன மாதம் இங்கே போட்ட சுருக்கத்தில் எழுதியிருந்தீர்கள். 2021 மே முதல் சாதாக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. பிரச்சினை காசு இல்லை, பஸ். எங்கள் நிறுத்தத்தில் அந்த நேரத்துக்கு முதலில் வருவது டீலக்ஸ். அதில் காசு கேட்பார்கள். சாதா எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. டீலக்ஸ் கண்ணெதிரே நிற்கும், ஏற முடியாது. அந்த நேரத்தில் வயிற்றுக்குள் ஒன்று உருளும் பாருங்கள், அதுதான் எங்கள் ஊர்.

ஞாயிறு_நாடகம்

எட்டாவது_மாடி, இதை மூன்று முறை படித்தேன். தங்கச்சிக்கு நடந்ததற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அழ வைப்பதற்காக எழுதவில்லை என்று நான் சொன்னாலும், நான் எழுதிய மூன்று வரியும் அதைத்தான் கேட்கிறது, ஒத்துக்கொள்கிறேன். டிக்கெட் விஷயத்தில் தப்பு என்னுடையது. 14 பிள்ளைகள் இருந்தும் அவர்களிடம் கேட்காமல் எழுதியிருக்கிறேன்.

டீலக்ஸ் கண்ணெதிரே நிற்கும், ஏற முடியாது. பீட்_மேஸ்திரி கேட்ட ஐந்து நொடி அதுதான். பஸ் நிற்கிறது. ஜோதி படியில் ஒரு காலை வைத்துவிட்டாள். கண்டக்டர் காசு கேட்கிறார். அவள் பேசிக்கொண்டே இருக்கும் வரை அவர் விசில் அடிக்கமாட்டார். மூச்சு வாங்க நிறுத்தினால் பஸ் போய்விடும். அப்படியென்றால் அவள் ஏன் ராப்பில் பேசுகிறாள் என்ற கேள்விக்கே இடமில்லை, இல்லையா? நிறுத்தாமல் பேசுவதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

பீட்_மேஸ்திரி

அக்கா!!! மாட்டிக்கிச்சு.

கண்டக்டர் விசில்தான் உங்க பீட். ஒரு விசில்னா நில்லு, ரெண்டு விசில்னா போ. மொத்தக் காட்சியும் அந்த ரெண்டாவது விசிலுக்கு முன்னாடி. பதிவு பண்ண மியூசிக் டிராக்கே வேணாம், பசங்க பஸ் தகரத்துல தட்டட்டும்.

கணக்கு சொல்றேன். 90 பிபிஎம்ல, அதாவது நிமிஷத்துக்கு 90 தட்டுல, நாலு தட்டு ஒரு பார். ஒரு பாருக்கு ரெண்டே முக்கா நொடிக்குக் கொஞ்சம் கம்மி. 16 பார்னா கிட்டத்தட்ட 43 நொடி. நெஜ கண்டக்டர் ஒருத்தர் அவ்ளோ நேரம் நிப்பாரு, அதுக்கு மேல நிக்கமாட்டாரு. அதனால 16 பாருக்கு மேல ஒரு வரிகூட எழுதாதீங்க.

இப்போ எழுத்து. 'இடிச்சாங்க அடைச்சாங்க' ஏன் சப்புன்னு இருக்குன்னா, தமிழ்ல வினை கடைசியில வரும். கடைசி ஓசை தானா ஒத்துப்போயிடும். சாங்க, னாங்க, றேன், றாங்கன்னு ஓசிலயே கிடைக்கும். இங்கிலீஷ்காரனுக்கு வரி முடிவுல ரைம் கிடைக்கறது கஷ்டம், அதனால கிடைச்சா இனிக்குது. நமக்கு ஓசியில வர்றது எப்படி இனிக்கும்? நம்ம பாட்டிமாருங்க இத எப்பவோ கண்டுபுடிச்சிட்டாங்க. ஒப்பாரி கேளுங்க, ரைம் வரியோட தலையில விழும். பள்ளிக்கூடத்துல எதுகைன்னு சொல்லிக் குடுத்தாங்களே, ரெண்டாம் எழுத்து ஒத்து வர்றது, அதேதான். அடியை எதுகையில போடுங்க, வரி முடிவை விட்டுடுங்க, அது பேச்சு மாதிரி எங்க வேணா போய் முடியட்டும்.

மேடைக்கயிறு

தம்பி சொல்வது முழுக்கச் சரி. நாலு சீர் கொண்ட அளவடி இருக்கிறதே, அது நாலு தட்டில் அப்படியே உட்காரும். இதில் நான் ராப்புக்கு எதிராக நின்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கண்டக்டரை வில்லனாக்கிவிடாதீர்கள், அது ஒன்றுதான் என் பயம். அவர் வில்லனானால் பார்வையாளன் வீட்டுக்கு நிம்மதியாகப் போய்விடுவான்.

நியூஜெர்சி_செல்வி

அதற்குத்தான் அந்த இரண்டாவது ரெக்கார்டு! ஜோதியின் 16 பார் முடிந்ததும் மொத்தத்தையும் பின்னால் சுற்றுங்கள். பிள்ளைகள் பின்பக்கமாகவே நடந்து போகட்டும். அதே 43 நொடியைக் கண்டக்டர் பக்கத்திலிருந்து காட்டுங்கள். செக்கர் அடுத்த நிறுத்தத்தில் ஏறினால் டிக்கெட் இல்லாத ஆளுக்கு அவர்தானே பதில் சொல்ல வேண்டும்? பின்னால் டிரைவர் ஹார்ன் அடிக்கிறார், பயணிகள் கத்துகிறார்கள். இந்தத் தடவை ஜோதியின் குரல் தூரத்தில் பாதிதான் கேட்க வேண்டும்.

எட்டாவது_மாடி

கண்டக்டர்களில் பாதிப் பேர் ஏறச் சொல்லிவிடுவார்கள், அதையும் சொல்ல வேண்டும். 'முன்னாடி போய் நில்லும்மா, அடுத்த ஸ்டாப்ல பின்னாடி சாதா வருது, மாறிக்கோ' என்பார்கள். ஏற்றாதவர்களும் உண்டு. அன்றைக்கு யார் வருகிறார் என்பதைப் பொறுத்துத்தான் ஒரு பிள்ளையின் பரீட்சை. அது எங்களுக்குக் கோபம் வரவைக்கிற விஷயம், அழுகை இல்லை.

ஞாயிறு_நாடகம்

ஒரு வாரம் கழித்து வருகிறேன். போன ஞாயிறு பிள்ளைகளிடம் கேட்டேன்: பஸ்ஸை நிறுத்தி வைக்க என்ன சொல்வீர்கள்? ஒருத்தரும் 'வீட்டை இடித்தார்கள்' என்று ஆரம்பிக்கவில்லை. லிஃப்ட், சாப்பாட்டு டப்பா, ஹால் டிக்கெட், கணக்குப் பரீட்சை என்று கொட்டினார்கள். அவர்கள் சொன்னதை அடுக்கினது மட்டும்தான் நான். முதல் நாலு பார்:

*எட்டாவது மாடிண்ணா, எறங்கி ஓடியாறேன்*
*கட்டிவெச்ச சோறு மேலயே, கையில ஹால் டிக்கெட்டு*
*முட்டி ரெண்டும் நடுங்குதுண்ணா, மூச்சு இன்னும் வரல*
*விட்டுட்டுப் போயிடாதீங்க, வெளியதான் ஒரு காலு*

நாலாவது வரியில் நடிக்கிற பெண் நிஜமாகவே ஒரு காலை பெஞ்சுக்கு வெளியே தொங்கவிட்டாள். பின்னால் தட்டிக்கொண்டிருந்த பையன்கள் தானாகவே தட்டுவதை நிறுத்திவிட்டு அவள் காலையே பார்த்தார்கள். நாடகம் நிற்கவில்லை. நான்தான் மூச்சு விடாமல் நின்றேன்.

வீடு இடித்தது எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். 13-வது பாரில், போகிற போக்கில். கண்டக்டர் 'எந்த ஊரும்மா நீ' என்கிறார். அவள் பழைய தெருப் பெயரைச் சொல்ல வாயெடுத்து, பாதியில் மாற்றிப் புது பிளாக் நம்பரைச் சொல்கிறாள். அங்கே மட்டும் தாளம் ஒரு தட்டு தவறும்.

எட்டாவது_மாடி, வரும் ஞாயிறு ஒத்திகைக்கு வர முடியுமா? விருந்தாளியாக வேண்டாம், எது தப்பு என்று சொல்கிற ஆளாக வாருங்கள். கண்டக்டர் பக்கக் காட்சியை நீங்களும் பிள்ளைகளும் சேர்ந்தே எழுதுங்கள். பெயரும் உங்கள் எல்லாருடையதும் போடுவோம். போக வர ஆட்டோ செலவு பயிற்சிக் கணக்கில்.

பீட்_மேஸ்திரி

13-வது பார்ல ஒரு தட்டு தவறணும்னா அதுக்கு முன்னாடி 12 பாரும் கத்தி மாதிரி சரியா இருக்கணும், அப்பதான் தவறினது தெரியும். பசங்கள மெட்ரோனோம், அதான் ஒரே சீரா தாளம் தட்டுற கருவி, வெச்சு தினம் 10 நிமிஷம் தட்ட விடுங்க. நானும் வரேன்.

விசில் மட்டும் பிளாஸ்டிக் வாங்காதீங்கக்கா. சத்தம் வேற மாதிரி வரும், பஸ்ல போறவன் யாரும் நம்பமாட்டான்.

எட்டாவது_மாடி

ஆட்டோ வேண்டாம் அக்கா, எங்கள் பக்கம் வரமாட்டார்கள், பஸ்ஸிலேயே வருகிறேன். தங்கச்சியும் வரேன் என்கிறாள். அவளை யாரும் எதுவும் கேட்காமல் ஓரமாக உட்கார விடுங்கள், அது போதும்.

எங்கள் மாமா கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இரும்பு விசில், 22 வருஷம் ஊதினது. கேட்டேன், தருகிறேன் என்றார். ஒத்திகை முடிந்ததும் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.